வாசலுக்கு வந்த மரியாதை

அத்தியாயம் 11

பாண்டியம்மாள் கல்லூரிக்கு வருவதை நிறுத்திய நாளிலிருந்து மருதாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று நல்லூரில் ஒருவருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். போன வாரம் அவள் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுததைப் பார்த்தவர்கள் நாம்தானே.

விட்ட இடத்தை மறந்தவர்களுக்காக நாலு வார்த்தை. பல்லடம் சாலையிலிருக்கும் அந்தக் கல்லூரியில் ‘மண்காப்பு அணி’ என்று ஒரு கூட்டம் கிளம்பியிருந்தது. உள்ளூர்ப் பெண்கள் யாரோடு பேசலாம், பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் எந்த பெஞ்சில் உட்காரலாம் என்பதற்கெல்லாம் அவர்களே சட்டம் போட்டார்கள். மீறிய பெண்ணின் பெயர் மறுநாள் காலையில் கரும்பலகையில் இருக்கும், பக்கத்தில் ஒரு பையனின் பெயரோடு. அதற்கும் மசியாவிட்டால் அவள் வீட்டுக்கு ஆள் போகும்.

போகிறவர்கள் அடிக்க மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, “ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா” என்று விசாரிப்பார்கள். கொடுத்த மோரைக் குடிப்பார்கள். “புள்ள படிச்சது போதுமுங்களே” என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டபடி கிளம்புவார்கள். பெற்றவர்கள் இரவெல்லாம் தூங்காமல் கிடந்து, காலையில் மகளை வீட்டோடு நிறுத்திவிடுவார்கள்.

இதை எதிர்த்து மாணவர் பேரவையில் முதலில் புகார் கொடுத்தவள் பாண்டியம்மாள். தேனிப் பக்கமிருந்து வந்து சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் காசிமாயனின் மகள். புகார் கொடுத்த கையோடு அவர்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்து வேறு தெருவுக்குப் போனார்கள். புது வீடு எங்கே என்பதைக் கல்லூரியில் ஒருத்தியிடம்தான் சொன்னாள் பாண்டியம்மாள். அவள் பேரவைச் செயலாளர் மயிலாள், நம் மருதாளின் மகள்.

ஆனாலும் அந்தப் புது வாசலுக்கும் ஆள் போய்விட்டது.

மயிலாள் தன் அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள். மருதாளின் அண்ணன் மகன் நல்லசிவம் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது, “அந்தப் புள்ள ஊடு இப்ப எங்கீங்க அத்தை, நோட்டு ஒண்ணு குடுக்கோணும்” என்று கேட்டான். அவனும் அந்த அணியில் இருப்பது மருதாளுக்குத் தெரியும். பசங்கள் ஏதோ ஊர்ப் பெருமை பேசித் திரிகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். இலையில் கொள்ளுப்பருப்பை ஊற்றிக்கொண்டே, “தண்ணித்தொட்டிக்கு எதுத்தாப்ல கண்ணு, பச்சைக் கதவு” என்று சொல்லிவிட்டாள். பிறந்த வீட்டுப் பிள்ளை கேட்டால் இந்தப் பக்கத்தில் எந்த அத்தைதான் சொல்லாமல் இருப்பாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது.

“ரெண்டு வாயாவது தின்னுட்டுப் போ கண்ணு.”

“வேண்டாம்மா.” மயிலாள் சடையை இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் பேரவையின் பொதுக்கூட்டம். பெற்றோரையும் அழைக்க வேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள்தான். இது காலேஜுக்குள் நடக்கிற வம்பு இல்லை, வீட்டு வாசலில் நடக்கிறது, ஆகவே வீட்டுக்காரர்கள் வந்து பேசினால்தான் முடிவுக்கு வரும் என்று முதல்வரிடம் வாதாடி வாங்கியிருந்தாள்.

“கூட்டத்துல என்னம்மா ஆகும்?”

“தீர்மானம் வெப்போம். ஆனா அதுக்கு முன்னாடி என்னையத்தான் கேப்பாங்க. விலாசத்தைச் சொல்லிக்குடுத்ததே நாந்தான்னு காலேஜு பூராவும் பேச்சு. பாண்டியம்மாளே நம்பீட்டா. நேத்துப் போனேன், கதவைத் தொறக்கல.”

மருதாள் எடுத்து வைத்த தட்டை மூடினாள். “நீ யாருகிட்டயும் சொல்லலதான?” என்று கேட்டாள். கேட்ட பிறகு தன்னை நினைத்து அவளுக்கே கேவலமாக இருந்தது.

“உங்கிட்ட மட்டுந்தாம்மா சொன்னேன். நீ போயி யாருகிட்டச் சொல்லப் போற?”

மகள் அதைச் சந்தேகமே இல்லாமல், ரிப்பனைக் கட்டிக்கொண்டே சொன்னாள். இப்போதே சொல்லிவிடலாம் என்று மருதாள் வாயைத் திறந்தாள். அதற்குள் முகம் கழுவிக்கொண்டு ஆத்தப்பன் உள்ளே வந்தார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், அதிகம் பேசாத மனிதர். பேசினால் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம்.

“இன்னையோட இந்தப் பேரவை வேலையை முடிச்சுக்கோ” என்றார் மகளிடம். “உன்ற மாமங்கிட்டப் பேசியாச்சு. தையில நல்லசிவத்துக்கும் உனக்கும் நாள் பாத்தர்லாம்.”

“அப்பா, அந்தாளு எந்தக் கூட்டத்துல இருக்கறான்னு தெரிஞ்சுமா?”

“உன்ற பேரு ஊரெல்லாம் நாறுது கண்ணு. இத்தனைக்கப்பறமும் அவங்க கேக்கறாங்களே, அதைப் பாரு.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமான கவலையோடுதான் சொன்னார். மயிலாள் பையை எடுத்துக்கொண்டு, அப்பாவையும் அம்மாவையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

மருதாள் தான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் நின்றாள். பனியனைத் திருப்பிப் போட்டு, ஓட்டை பார்த்து, பிசிறு வெட்டி அடுக்க வேண்டும். அன்று கை மட்டும்தான் ஓடியது. தோள்பட்டையில் விரல் நுழைகிற ஓட்டையோடு ஒரு பீஸைப் பாஸ் செய்து அடுக்கிவிட்டாள். “என்னக்கா, நீங்களா இப்படி” என்று பக்கத்து மேஜைப் பெண் அதைத் திரும்ப எடுத்து வைத்தாள்.

வாட்ச்மேன் வந்து, கேட்டில் ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்.

நல்லசிவம் நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் முட்டை அட்டை. பல்லடத்தில் அண்ணனுக்குக் கோழிப்பண்ணை. வாரம் தவறாமல் முட்டை வரும். மருதாளுக்கு அது வெறும் முட்டை இல்லை. அப்பா செத்த பிறகு தன்னைத் தூக்கி வளர்த்து, கட்டிக்கொடுத்த அண்ணன் அய்யாசாமி, இத்தனை வருஷம் கழித்தும் தன்னை மறக்கவில்லை என்பதற்கு அடையாளம் அது. வாங்கும்போதெல்லாம் மனசு குளிர்ந்துபோகும்.

“சாப்பிட்டீங்களா அத்தை?”

“ஆச்சு கண்ணு.” பொய்தான்.

“மத்தியானம் காலேஜுல என்னமோ கூட்டமாமுங்க. நீங்க வரோண்டாமுங்க அத்தை. ஆம்பளைப் பசங்க சத்தம் போடுவாங்க. உங்களுக்கெதுக்கு அந்த அலைச்சல்?”

“நல்லசிவம்.” மருதாள் குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் புள்ள ஊட்டை நாந்தான உனக்குச் சொன்னேன். நோட்டுக் குடுக்கோணும்னு சொன்னியே.”

“ஆமாங்க அத்தை.”

“காலேஜுல மயிலு சொன்னான்னு பேசிக்கறாங்களே. அதை யாரு கெளப்பி உட்டது?”

அவன் சிரித்தான். பெரியவர்கள் முன்னால் சிரிக்கிற அளவான, அடக்கமான சிரிப்பு. “பசங்க கேட்டாங்க, யாரு சொன்னாங்கன்னு. என்ற அத்தை சொன்னாங்கன்னு உங்க பேரை நான் இழுக்க முடியுமுங்களா? உங்க மானம் எனக்குப் பெருசில்லீங்களா? மயிலு சொல்லுச்சுன்னு சொல்லிப்போட்டேன்.”

மருதாள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அது பேரு கெட்டுப் போகுதேடா.”

“கெட்டா என்னங்க? கட்டிக்கப் போறவன் நாந்தானுங்க. நாளைக்கு என்ற ஊட்டுக்கு வந்துட்டா யாரு பேசப் போறாங்க? பேரவை, கீரவைன்னு அது ஆடுனதும் தானா நின்னு போகும்.” அவன் முட்டை அட்டையை நீட்டினான். “அப்பா குடுத்து உட்டாருங்க. நீங்க பேசாம ஊட்டுல இருங்க அத்தை. எல்லாம் நல்லபடியா முடியும்.”

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு ‘ங்க’. ஒன்றில்கூட மரியாதைக் குறைவு இல்லை. கொடுத்த மோரைக் குடித்துவிட்டு இவன் எத்தனை வாசலில் இப்படியே நின்று பேசியிருப்பான் என்று அப்போதுதான் மருதாளுக்கு உறைத்தது. பயமும் அப்போதுதான் வந்தது. காசிமாயனின் பெண்டாட்டிக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அவளுக்குப் புரிந்தது.

அவள் கையை நீட்டவில்லை.

“எடுத்துட்டுப் போ கண்ணு.”

“ஏனுங்க அத்தை?”

“எடுத்துட்டுப் போ.”

பிறந்த வீட்டுப் பொருளைத் திருப்பி அனுப்புவது சின்னக் காரியம் இல்லை. அவனுக்கும் அது தெரியும். முகம் ஒரு நிமிஷம் மாறி, பிறகு பழையபடி ஆனது. வாட்ச்மேனின் ஸ்டூல் மேல் அட்டையை வைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனான். மருதாள் சூப்பர்வைசரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தலையில் ஒட்டிய நூல் பிசிறைக்கூடத் தட்டாமல் பஸ் ஏறினாள்.

கல்லூரிக் கூடம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் பெண்கள், ஒரு பக்கம் பையன்கள், பின்னால் பெற்றோர். மேடையில் முதல்வர். அவருக்குப் பக்கத்தில் பேரவைத் தலைவர் சுடலைமுத்து, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றி உட்கார்ந்திருந்தான். ஓரத்து நாற்காலியில் மயிலாள், முன்னால் ஒரு பேனாவும் தாளும்.

மருதாள் உள்ளே நுழைந்ததும் நடு வரிசையிலிருந்து நல்லசிவம் எழுந்தான். “வாங்க அத்தை” என்று தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தான். பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளியானாலும், எதிரே வந்தால் ‘வாங்க’ என்று கேட்பதும், கேட்டதற்குத் தலையாட்டுவதும் இந்த மண்ணில் எல்லோருக்கும் பழக்கம். மருதாள் தலையாட்டவில்லை. அவனைத் தாண்டிப் போய், சுவரோரம் தனியாக நின்ற காசிமாயனுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் யார் என்று காசிமாயனுக்குத் தெரியாது.

அவரைத்தான் முதலில் பேசக் கூப்பிட்டார்கள். சாயம் ஏறிய விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“மூணு பயலுகளும் ஒரு பெரிய மனுசரும் வந்தாக” என்றார். “பயலுக வாயத் தொறக்கல. பெரியவருதான் பேசுனாரு. ‘ஊரு உட்டு ஊரு வந்து பொழைக்கறீங்க, நல்லா இருக்கோணுமுங்க, புள்ளையை இனி அனுப்ப வேண்டாமுங்க’ன்னாரு. நா எந்திரிச்சு நின்னு கும்பிட்டேன். எம் பொண்டாட்டி கலர் சோடா வாங்கியாந்து குடுத்துச்சு. குடிச்சாக. நா மகள நிறுத்தல. மறுநா பஸ் ஸ்டாப்புல மறிச்சு, தாவணியப் புடிச்சு இழுத்து, புத்தகத்தச் சாக்கடையில போட்டாக. அந்தப் பெரியவரு இங்க இல்ல. பயலுக இருக்காக.”

நல்லசிவம் எழுந்தான்.

“ஐயா, அவங்களுக்கு நடந்ததுக்கு எங்களுக்கும் வருத்தமுங்க. ஆனா வந்தவங்களுக்கு அந்த ஊடு எப்படித் தெரிஞ்சுது? தெரிஞ்ச ஒரே ஆளு செயலாளருங்க. மொதல்ல அவங்க பதவியை உட்டு எறங்கி பதில் சொல்லட்டும். அப்பறம் தீர்மானத்தைப் பேசலாமுங்க.”

அவனைச் சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைகூட மயிலாளுக்காக எழவில்லை. சுடலைமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையிலும் சந்தேகம் இருந்தது. மயிலாள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பேனாவை மூடவும் திறக்கவுமாக இருந்தது அவள் கை. சின்ன வயதில் காய்ச்சல் கண்டால் போர்வை முனையை அப்படித்தான் திருகிக்கொண்டிருப்பாள். பெற்றவளுக்கு அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“நான் பேசோணுமுங்க” என்றாள் மருதாள்.

எல்லாத் தலைகளும் திரும்பின. மயிலாளின் முகம் வெளுத்துப்போனது. பெற்றோர் பேசினால் வாக்குமூலத்தைச் செயலாளர் கேட்டு எழுத வேண்டும் என்பது அன்று அவர்களே போட்ட விதி. அவள் தாளை இழுத்து வைத்துக்கொண்டாள்.

“உங்க பேரைச் சொல்லுங்க.”

பேசத் தெரிந்த நாளிலிருந்து ‘நீ’ என்று மட்டுமே அம்மாவைக் கூப்பிட்ட மகள்.

“மருதாள்.”

“என்ன சொல்லணும்?”

“பாண்டியம்மா ஊடு எங்க இருக்குதுன்னு நாந்தான் சொன்னேன். செயலாளர் சொல்லலீங்க. அது என்னை நம்பி என்கிட்டச் சொல்லுச்சு. நான் சோத்தைப் போட்டுட்டே சொல்லிப்போட்டேன்.”

பேனா நின்றது. மயிலாள் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தாள். காலையில் சொன்ன வார்த்தை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மருதாள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“யாருகிட்டச் சொன்னீங்க?” குரல் உடைந்து, திரும்ப ஒட்டிக்கொண்டது.

“நல்லசிவத்துகிட்ட.”

“அவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“என்ற அண்ணன் மகன்.” மருதாள் ஒரு மூச்சு விட்டாள். “நோட்டுக் குடுக்கோணும்னு கேட்டான். இன்னைக்குக் காலைல கம்பெனி கேட்டுக்கு வந்து, செயலாளர் பேரைச் சொன்னதும் தாந்தான்னு அவனே என்கிட்டச் சொன்னான். என்ற மானத்தைக் காப்பாத்தறதுக்காமா. அப்படிக் காப்பாத்துன மானம் எனக்கு வேண்டாமுங்க.”

நல்லசிவம் உட்கார்ந்த இடத்திலிருந்து, “அத்தை, ஊட்டுப் பேச்சை இங்க பேசறீங்களே” என்றான். முதல்முறையாக அவன் குரலில் ‘ங்க’ இடறியது.

“நீங்க பூராப் பேரு ஊட்டு வாசலுக்கும் போயிட்டுத்தான வந்தீங்க” என்று சொல்லிவிட்டு, மருதாள் காசிமாயன் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். அழுகை வந்துவிட்டது. காசிமாயன் பதிலுக்குக் கை குவிக்கவில்லை. தள்ளியும் போகவில்லை.

சுடலைமுத்து தீர்மானத்தை வாசித்தான். கல்லூரியின் பெயரைச் சொல்லி எந்த மாணவியின் வீட்டுக்கும் யாரும் போகக்கூடாது. போனவர்களையும், பஸ் ஸ்டாப்பில் மறித்தவர்களையும் நீக்கும்படி முதல்வரைப் பேரவை கேட்கிறது. விசாரணை முடியும்வரை, படிப்பு நின்றுபோன பெண்களைப் பேரவை உறுப்பினர்களே வீட்டிலிருந்து கூட்டி வருவார்கள், கொண்டு விடுவார்கள். முதலில் பெண்கள் பக்கத்துக் கடைசி வரிசையில் ஒரு கை எழுந்தது. கரும்பலகையில் பெயர் எழுதப்பட்ட பெண்களில் ஒருத்தி. பிறகு அந்தப் பக்கம் முழுவதும் எழுந்தது, பிறகு பையன்கள் பக்கத்திலும் பாதிக்கு மேல். தீர்மானம் நிறைவேறியது.

கலையும்போது காசிமாயன் மருதாளிடம் வந்தார். “எம் மககிட்ட நானே சொல்லிக்கிறேந்தாயி. யாரு சொன்னதுன்னு தெரிஞ்சாப் போதும் அவளுக்கு. வருவாளான்னு தெரியல.”

பஸ்ஸில் அம்மாவும் மகளும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். மயிலாள் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தாள். நல்லூர் ஸ்டாப்பில் இறங்கி நடக்கும்போது மருதாள் இரண்டு அடி பின்னாலேயே வந்தாள். மகள் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு முன்னால் அய்யாசாமியின் புல்லட் நின்றது. பக்கத்திலேயே அவர் நின்றிருந்தார். துவைத்து மடித்த துண்டு தோளில். படியேறவில்லை. தங்கச்சி ‘வாங்க’ என்று கேட்காமல் அவர் ஒருநாளும் படியேறியது கிடையாது. வாசலுக்குள்ளே ஆத்தப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தார்.

மருதாள் அந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்தாள். எத்தனை கோபமிருந்தாலும் அண்ணன் அண்ணன்தான். உள்ளே கூப்பிட்டு, காலில் விழுந்தாவது புரியவைத்துவிடலாம் என்றுதான் பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

அய்யாசாமி கையைக் காட்டித் தடுத்தார்.

“கொஞ்சம் பொறு அம்மிணி. கேட்டுட்டு அப்பறம் கூப்புடு. கூட்டத்துல எல்லாத்தையும் சொன்னியாமா. அந்தாளு ஊட்டுக்குப் பசங்களோட ஒரு பெரியவரு போனாருன்னு சொன்னாங்களே, அது யாருன்னு சொன்னியா?”

“எனக்குத் தெரியாதுங்கண்ணா.”

“நாந்தான்.”

அவர் அதை மறைக்கிற குரலில் சொல்லவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் யார் என்று கேட்டால் சொல்கிற மாதிரிதான் சொன்னார். “கலரு குடுத்தாங்க, குடிச்சேன். நல்ல வார்த்தை சொல்லீட்டு வந்தேன். இதுல என்ன தப்பு?”

மயிலாள் முன்னால் வந்தாள். “மாமா, இதைக் காலேஜுல வந்து சொல்லுவீங்களா?”

“காலேஜுக்கு எதுக்குங்கண்ணு நான் வரோணும்? ஞாயித்துக்கிழமை கோயில்ல ஊர்க்கூட்டம் போட்டிருக்குது. அங்க சொல்றேன். உன்ற அம்மாளும் வந்து, இன்னைக்குப் பேசுனதைத் திருப்பிச் சொல்லட்டும், இல்லீனா வாபஸ் வாங்கட்டும்.” அவர் தங்கச்சியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அதுவும் நிஜம்தான். “இப்பச் சொல்லு மருதா. நான் உள்ள வரட்டுமா?”

மயிலாள் கல்லூரியை விட்டு வந்ததிலிருந்து முதல்முறையாக அம்மாவின் பக்கம் திரும்பினாள். பார்த்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

மருதாள் தன் வீட்டுப் படியில் ஏறி நின்றாள். பச்சைக் கதவுக்கு முன்னால் கும்பிட்டு நின்ற காசிமாயனும், கலர் வாங்க ஓடிய அவர் பெண்டாட்டியும் அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தார்கள். வாழ்நாளெல்லாம் தானாகவே வாயில் வந்த அந்த ஒரு சொல் அன்று வரவில்லை. அண்ணன் தெருவிலேயே நின்றார்.